குந்தவையின் நகைப் பட்டியல்

பெருங்களத்தூரில் ஒரு வீடு. பாட்டி காலமாகி ஓராண்டு ஆகிவிட்டது. அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். பழைய பட்டுத் துணியில் சுற்றிய ஓர் அட்டிகை. நிறையச் சிவப்புக் கற்கள். நடுவில் ஒரு வெள்ளைக் கல். பக்கத்தில் ஒரு ஜோடித் தோடு.

சிவப்புக் கல் கெம்பா, கண்ணாடியா? வெள்ளைக் கல் வைரமா, வேறு ஏதாவதா? மொத்தம் எத்தனை பவுன்? வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூத்த மகள் ஒரு விலை சொல்கிறாள். இளைய மருமகள் வேறு விலை சொல்கிறாள். தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம் என்றால், அம்மா கழுத்தில் கிடந்த நகைக்கு விலை பேசுவதா என்று மகன் தயங்குகிறார்.

இப்படிப்பட்ட வீடு ஒன்றல்ல. ஊருக்கு ஊர் இருக்கிறது. நகையின்மேல் பாசம் உண்டு. அதை எடை போட்டு விலை மதிக்கத்தான் கூச்சம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஒரு பெண்மணி இருந்தார். அரசனுக்கு மகள். அரசனுக்கு அக்காள். அவர் கொடுத்த நகைகளோ தெய்வத்துக்குச் சாத்தியவை. ஆனாலும் அவை நிறுக்கப்பட்டன. கற்கள் எண்ணப்பட்டன. விலை மதிக்கப்பட்டது. எல்லாம் கல்லில் வெட்டப்பட்டது. ஊரார் பார்க்கும்படி வெட்டப்பட்டது!

அந்தப் பெண்மணிதான் குந்தவைப் பிராட்டியார்.

தாயை இழந்த மகள்

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் கதையில் குந்தவையைப் பலரும் சந்தித்திருப்பீர்கள். கதை வேறு, கல்வெட்டில் காணும் வாழ்க்கை வேறு. இங்கே நாம் பார்ப்பது கல்வெட்டுக் குந்தவையை.

தந்தை சுந்தர சோழர். தாய் வானவன் மாதேவி. அண்ணன் ஆதித்த கரிகாலன். தம்பி அருள்மொழி. இந்தத் தம்பிதான் பின்னாளில் ராஜராஜ சோழன் என்று பெயர் பெற்றான்.

அரண்மனையில் பிறந்தாலும் துயரம் விடவில்லை. அண்ணனைச் சதி செய்து கொன்றார்கள். சுந்தர சோழர் காஞ்சிபுரத்தில் பொன்மாளிகையில் காலமானார். அதனால் அவருக்குப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்றே பெயர் வந்தது. கணவர் போனதும் வானவன் மாதேவி தீயில் இறங்கினார். பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டு அவர் போனதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது.

தாய் தந்தை இருவரையும் இழந்தார் குந்தவை. வல்லவரையர் வந்தியதேவருக்கு மனைவியானார். பழையாறை அரண்மனையில் வாழ்ந்தார். தம்பியின் மகன் ராஜேந்திரனைச் சீராட்டி வளர்த்தவரும் இவரே என்று சொல்வார்கள்.

கொடுத்துச் சிவந்த கை

985இல் ராஜராஜன் அரசனானான். தம்பி நாடுகளை வென்றான். அக்காள் அறங்களை வளர்த்தார்.

பெருங்களத்தூர் வழியாகத் தெற்கே போகிறதே ஜி.எஸ்.டி. சாலை, அதில் நேரே போனால் திண்டிவனம். அதன் பக்கத்தில் தாதாபுரம் என்று ஒரு சிற்றூர். அந்தக் காலத்தில் அதற்கு ராஜராஜபுரம் என்று பெயர். அங்கே சிவனுக்கு ஒரு கோயில், திருமாலுக்கு ஒரு கோயில், சமணருக்கு ஒரு கோயில் என்று மூன்று கட்டினார் குந்தவை. எந்தச் சமயத்தையும் அவர் தள்ளி வைக்கவில்லை.

தஞ்சாவூரில் தந்தையின் பெயரால் ஒரு மருத்துவசாலை நடந்தது. அதற்கும் அவர் நிலம் கொடுத்தார்.

இப்படிக் கொடுத்தவருடைய மிகப் பெரிய கொடை தஞ்சைப் பெரிய கோயிலுக்குத்தான்.

மன்னன் இட்ட ஆணை

1010இல் பெரிய கோயில் விமானத்தில் பொற்கலசம் ஏறியது. அதன்பின் தஞ்சை அரண்மனையில் இருந்தபடி ராஜராஜன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவை, அக்காள் கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்பது ஆணை. தனக்கு அடுத்தபடி அக்காளைத்தான் சொன்னான். தேவியர்கூட அதற்குப் பிறகுதான்!

குந்தவை அந்தக் கோயிலில் நான்கு செப்புத் திருமேனிகள் எடுப்பித்தார். இரண்டு உமாபரமேசுவரி. மற்ற இரண்டும் யார் தெரியுமா? ஒன்று அவருடைய தந்தை. இன்னொன்று தீயில் இறங்கிய தாய்!

வழிபாடு நிற்காமல் நடக்க ஊர்ச்சபைகளிடம் காசு கொடுத்து வைத்தார். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இதையும் கல்லிலே எழுதினார்கள். பெற்றவர்மேல் வைத்த பாசமும் ஒழுங்கான கணக்கும் ஒரே சுவரில் நிற்கின்றன. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

எப்படி நிறுத்தார்கள்?

பெரிய கோயிலில் பொன் நிறுக்க ஒரு படிக்கல் இருந்தது. அதற்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயர். மணிகள் பதித்த நகைக்கு வேறு படிக்கல். அதற்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். ஆளுக்கொரு தராசு, நாளுக்கொரு எடை என்ற பேச்சே இல்லை.

அளவு என்ன? இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு என்பது ஏறக்குறைய ஐந்து கிராம். குன்றிமணி அளவுக்குக்கூடக் கணக்கு இருந்தது.

கல் பதித்த நகையில் உள்ளே அரக்கு இருக்கும். முத்து கோத்ததில் நூல் இருக்கும். எடையில் எது சேர்ந்தது, எது நீங்கியது என்பதையும் எழுதினார்கள். முடிவில் இந்த நகை இத்தனை காசு பெறும் என்று விலையும் போட்டார்கள்.

குறையையும் மறைக்கவில்லை

வியப்பு இனிமேல்தான். முத்து என்று மட்டும் எழுதி அவர்கள் நிறுத்தவில்லை. வட்ட முத்து, அனுவட்டம், ஒப்பு முத்து, குறுமுத்து, கறடு, இரட்டை என்று வகை வகையாகப் பிரித்தார்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் ஒளியையும் பார்த்தார்கள்.

வைரத்தில் புள்ளி இருந்தால் புள்ளி என்று எழுதினார்கள். வெடிப்பு இருந்தால் வெடிப்பு என்று எழுதினார்கள்.

சாமி நகை ஆயிற்றே, குறை சொல்லலாமா என்று அவர்கள் நினைக்கவில்லை. குறையை எழுதினால்தான் அது இன்ன கல் என்ற அடையாளம் நிலைக்கும். நாளைக்கு யாராவது நல்ல கல்லை எடுத்துவிட்டு வேறு கல்லை வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

நகை போயிற்று, எழுத்து நின்றது

ராஜேந்திரன் ஆட்சியிலும் குந்தவை வாழ்ந்திருந்தார். பிறகு அவரும் மறைந்தார். சோழர் ஆட்சியும் மறைந்தது. அந்த நகைகளும் இன்று இல்லை. திருமேனிகளிலும் பெரும்பாலானவை இல்லை.

ஆனால் பட்டியல் இருக்கிறது! ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹுல்ஷ் 1890களில் அதைப் படித்து அச்சிட்டார். தாம்பரத்தில் ரயில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கினால் இன்றும் நீங்கள் அந்த எழுத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

பட்டியலால் என்ன பயன்? ஒரு சம்பவம் சொல்கிறேன். 2018இல் ராஜராஜன், அவன் தேவி லோகமாதேவி ஆகியோருடையவை என்று கருதப்படும் இரண்டு செப்புத் திருமேனிகள் குஜராத்திலிருந்து தஞ்சைக்குத் திரும்பி வந்தன. விசாரித்தவர்கள் நாடிய சான்றுகளில் ஒன்று, கோயில் கல்வெட்டில் எழுதியிருந்த உயர அளவு. எழுதி வைத்து ஆயிரம் ஆண்டு. அந்த எழுத்து இன்னமும் சாட்சி சொல்கிறது!

நம் வீட்டு நகைக்கு

இனிப் பெருங்களத்தூர் வீட்டுக்கு வருவோம். குந்தவையின் வழியில் அவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், நகையை உருக்கக் கூடாது. மெருகு போடவும் கூடாது. பழைய வேலைப்பாட்டுக்கே தனி மதிப்பு இருக்கலாம்.

இரண்டாவது, மதிப்புப் போடுகிறவர் வேறு, வாங்குகிறவர் வேறாக இருக்க வேண்டும். வாங்க நினைப்பவர் குறைத்துச் சொல்ல இடம் உண்டு. வங்கியில் அடகுக்கு மதிப்பிடுபவர் கல்லைக் கழித்துவிட்டுப் பொன்னை மட்டுமே கணக்கிடுவார். அது முழு மதிப்பு ஆகாது.

மூன்றாவது, பொன்னின் மாற்று. உரைகல்லில் உரசிப் பார்ப்பது பழைய முறை. இப்போது எக்ஸ்ரே இயந்திரமும் இருக்கிறது. அது பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் பார்க்கும். மேலே கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாந்துவிடும். ஆகையால் இரண்டு மூன்று இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு பொன். ஹால்மார்க் முத்திரை நம் நாட்டில் தங்க நகைக்கு 2000இல்தான் வந்தது. பாட்டியின் நகையில் அது இல்லை என்றால் நகை போலி என்று அர்த்தமில்லை.

நான்காவது, கல். சிவப்பாக இருப்பதெல்லாம் கெம்பு அல்ல. ஸ்பினல் என்ற கல்லும் சிவப்பு; கார்னெட் என்ற கல்லும் சிவப்பு; கண்ணாடியும் சிவப்பு. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டினால் இன்ன கல் என்று சான்றிதழ் தருவார்கள்.

ஐந்தாவது, எழுத்து. கல்லோடு எடை, கல் நீக்கிய எடை, எத்தனை கல், என்ன குறை, என்ன விலை, எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். விற்றால் கிடைக்கும் விலை வேறு. அதே போலப் புதிதாகச் செய்ய ஆகும் விலை வேறு. எந்த விலை என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். புகைப்படம் எடுத்து அதனுடன் சேர்த்து வையுங்கள்.

ஒருவேளை பாட்டியின் வெள்ளைக் கல் வைரமாக இராது. அதனால் என்ன? உண்மை தெரிந்தால் அக்காள் தங்கை சண்டை இல்லை. அதைப் பாட்டியின் நினைவாக யாராவது ஒருத்தி ஆசையோடு அணிந்துகொள்ளலாம். வைரமாகவே இருந்தால், தெரியாமல் சொற்ப விலைக்குப் போகாமல் தப்பும்.

குந்தவை தம் தாயை மறக்கவில்லை. கணக்கையும் மறக்கவில்லை. நாமும் அப்படி இருக்கலாமே!