விஞ்ஞான மேதை ஜி. என். இராமச்சந்திரன்

சுறா என்றதும் காரைக்கால் வாசிகளாகிய நமக்குப் புட்டுதான் நினைவுக்கு வரும். அந்தச் சுறாவின் துடுப்பை எக்ஸ் கதிரின் முன் வைத்து ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார் ஒருவர். இராமச்சந்திரன் என்றால் திரைப்பட நடிகரை மட்டுமே அறிந்த தோழியர் இவரையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிறந்தார். தந்தையார் எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சியில் இயேசு சபைத் துறவியர் நடத்தும் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்றார். பின்னர் பெங்களூரில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரைச் சர் சி. வி. இராமன் தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் சென்று ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டி இருக்கும்.

நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் வடிவம் அந்நாளில் புதிராகவே இருந்தது. சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் அறிஞர் இதனை எடுத்துரைக்க, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதில் இறங்கினர். சுறாத் துடுப்பில் படம் தெளிவாக விழவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாண் கைகொடுத்தது. மூன்று புரத இழைகள் பின்னிய சடைபோல ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன என்று 1954, 1955ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்டனர். (சடை பின்னத் தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்!)

உடனே எதிர்ப்பு எழுந்தது. கிரிக், ரிச் என்னும் இருவர், இம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் மறுத்தனர். முச்சடை வடிவம் நிலைத்தது. பிணைப்புக் கணக்கில் மறுத்தவர் பக்கமே சரியென்று பின்னர் தெரிந்தது. ஆனால் இராமச்சந்திரன் சோர்ந்து உட்காரவில்லை. அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கேட்டு, அதுவரை வெளியான படிக அமைப்புகளிலெல்லாம் அந்த இடைவெளிகளைத் தேடித் தொகுத்தார்.

புரத இழையின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. அவ்விரு கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, எங்கே அணுக்கள் மோதுகின்றன, எங்கே மோதவில்லை என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். மேசைக் கணக்குப் பொறியைக் கொண்டு செய்த வேலை அது. எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்! 1963இல் வெளியான அந்த வரைபடத்தில் பெரும்பகுதி ஆகாத இடம். சில திட்டுகளே ஆகும் இடம். இராமச்சந்திரன் வரைபடம் என்று அதற்கே பெயராயிற்று. இன்று ஒரு புரதத்தோடு மற்றொன்று எவ்வாறு பொருந்தும் என்று கணிப்பொறி முன்கூட்டியே சொல்கிறது. அங்கும் அணுக்கள் மோதாமல் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். கணித்த வடிவம் சரிதானா என்று சோதிக்க அவர் வரைபடத்தையே விரிக்கிறார்கள்.

1971இல், பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உடலின் உட்தோற்றத்தை மீட்டெடுக்கும் கணித முறையொன்றையும் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து வகுத்தார். 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

முதுமையில் நடுக்குவாத நோய் வாட்டியது. 1998இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவரும் கண்மூடினார்.