அனாதைகளுக்கு இசை தந்த ஆசான்

மைஹர், மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஒரு சிற்றூர். சென்னையிலிருந்து காசிக்குப் போகும் இரயில் கட்னிக்கும் சட்னாவுக்கும் இடையே அதனைக் கடந்து செல்லும். குன்றின்மேல் உள்ள சாரதா தேவி கோயிலால் யாத்திரிகர் அவ்வூரை அறிவர். இசையுலகமோ உஸ்தாத் அல்லாவுதீன் கானால் அதனை அறியும். சிதார் மேதை ரவிசங்கரின் குரு, சரோத் மேதை அலி அக்பர் கானின் தந்தை என்ற அளவிலேயே நம்மில் பலர் அவரை அறிந்திருக்கிறோம். அவற்றுக்கு இணையான பெருமை இன்னொன்றும் அவருக்கு உண்டு.

இன்று வங்காள தேசத்தில் உள்ள சிவபூர் என்ற கிராமத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தவர் அவர். இசைப் பித்து அவரைச் சிறு வயதிலேயே வீட்டைவிட்டு ஓடச் செய்தது. கல்கத்தாவில் அன்னசத்திரத்துச் சோறு; கங்கைக் கரையில் உறக்கம். அந்நிலையிலும் அவர் தேடியது குருவையே. கோபால கிருஷ்ண பட்டாச்சாரியரிடம் வாய்ப்பாட்டும், கோவாக்காரரான லோபோ என்பவரிடம் மேனாட்டு வயலினும் பயின்றார்.

ஆயினும் உயர்ந்த வித்தையின் வாயில் எளிதில் திறக்கவில்லை. அந்நாளில் வடநாட்டு இசை, குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்டது. தந்தை மகனுக்குச் சொல்வான், பிறருக்குச் சொல்லான். இராம்பூர் சமஸ்தானத்தில் தான்சேன் வழிவந்த வீணை வித்துவான் வசீர் கானிடம் மாணவராகச் சேர்வதற்காக, நவாபின் வண்டியின் முன்னே விழுந்தார் அந்த இளைஞர் என்பர். நவாபின் சொல்லால் இடம் கிடைத்தது. கல்வி கிடைக்கவோ மேலும் பல காலம் பணிவிடை செய்து காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு துன்பப்பட்டுப் பெற்ற செல்வத்தை அவர் பூட்டி வைத்தாரா? இல்லை. அங்கேதான் அவர் பெருமை தொடங்குகிறது.

மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங் அவரைத் தம் அவைக்கு அழைத்துத் தாமும் மாணவரானார். 1918 ஆம் ஆண்டு விஷக் காய்ச்சல் நாடெங்கும் பரவிப் பல்லாயிரம் வீடுகளைச் சூறையாடியது. மைஹரிலும் தாய் தந்தையரை இழந்த குழந்தைகள் தெருவில் நின்றனர். அக்குழந்தைகளைச் சேர்த்தார் அல்லாவுதீன் கான். சோறு மட்டும் போட்டு அனுப்பிவிடவில்லை. சிறுவர் சிறுமியர் கைகளில் வாத்தியங்களைக் கொடுத்தார். அதுவே மைஹர் பாண்டு வாத்தியக் குழு.

சிதார், வயலின், செல்லோ, ஹார்மோனியம், தபலா எல்லாம் அதில் ஒன்றாக ஒலித்தன. துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, ஜலதரங்கம்போலத் தட்டி வாசிக்கும் ஒரு புது வாத்தியமும் செய்தார். குழல் குறுகக் குறுக ஒலி உயரும். உயிரைக் குடிக்கப் பிறந்த இரும்பு, அனாதைக் குழந்தையின் கையில் ஏழு சுரங்களைப் பாடிற்று!

அரசனுக்கும் அனாதைக்கும் ஒரே ஆசான். இதைவிடச் சமத்துவத்துக்கு என்ன இலக்கணம் வேண்டும்? ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று எளிய மெட்டுகளோடு அவர் நிறுத்தவில்லை. இராகங்களை முறையாகக் கற்பித்தார். அவர்களுக்கென்றே புதிய இசையமைப்புகளும் செய்தார். கண்டிப்பு மிகுந்தவர், சுரம் பிசகினால் பொறுக்க மாட்டார். அக்கண்டிப்பிலும் ஒரு மதிப்பு இருந்தது. இவர்களால் முடியும் என்று நம்பியதால் அன்றோ கடிந்துகொண்டார்!

பெண் கல்வியில் அவருக்கும் தயக்கம் இருந்தது. மூத்த மகள் கற்ற இசை, புகுந்த வீட்டில் அவளுக்குத் துன்பமாயிற்று. அதனால் இளைய மகளுக்குக் கற்பிக்க வேண்டாமென்றிருந்தார். தமையனின் பிழையை அச்சிறுமி திருத்துவதைக் கேட்டு மனம் மாறினார். அவளே பின்னாளில் புகழ்பெற்ற அன்னபூர்ணா தேவி.

முஸ்லிமான அவர் சாரதா தேவியிடமும் பேரன்பு கொண்டிருந்தார். 1958 இல் பத்ம பூஷணும் 1971 இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. 1972 செப்டம்பர் 6 ஆம் நாள் மைஹரிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய வாத்தியக் குழு அவருக்குப் பின்னும் வாழ்ந்து வருகிறது.

நண்பர்களே, தலைநகரின் சபாக்களில் நாம் இசை கேட்கிறோம். ஆண்டு விழாவில் பாடுகிறோம். இதே தில்லியின் குடிசைப் பகுதிகளில் நம் தமிழ்க் குழந்தைகள் பலர் வாழ்கின்றனர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஒரு மிருதங்கம், பாடத் தெரிந்த இருவர் போதும். வாயில் மூடியிருந்த காலத்தில் அல்லாவுதீன் கான் வண்டியின் முன்னே விழுந்தார். இனி ஒரு குழந்தையும் அப்படி விழ வேண்டாம், கதவைத் திறப்போம்.