எஃகுக் கம்பியை நம்பியவர்

மாணவர்களே, பால்காரர் ஓட்டும் பழைய மிதிவண்டியை உற்று நோக்கியதுண்டா? கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை அழுத்தினால் மெல்லிய இரும்புக் கம்பிகள் இழுக்கப்படும், ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைப் பற்றும், வண்டி நிற்கும். கம்பி சற்றே தளர்ந்தாலும் பிடி குறைந்துவிடும். ஏறத்தாழ இதே போன்ற கம்பிகளால்தான் மகிழுந்தையும் நிறுத்த வேண்டும் என்று முதுமை வரை உறுதியாக நம்பிய ஒருவர் இருந்தார். அவரே ஹென்றி ஃபோர்டு.

அவர் 1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் தாயை இழந்தார். அதே 1876ஆம் ஆண்டில், குதிரை பூட்டாமல் தானே சாலையில் உருண்டு வந்த நீராவிப் பொறி ஒன்றைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை. பதினாறாம் வயதில் உழவைத் துறந்து டெட்ராய்ட் நகருக்குச் சென்று, பட்டறைகளில் தொழில் பயின்றார். 1896ஆம் ஆண்டு தம் வீட்டின் பின்புறக் கொட்டகையில், மிதிவண்டிச் சக்கரங்கள் நான்கினைப் பூட்டி முதல் வண்டியைச் செய்து முடித்தார். வெளியே கொண்டுவர முயன்றபோதுதான் கொட்டகையின் வாயில் வண்டியைவிடக் குறுகியது என்பது தெரிந்தது! கோடரியால் சுவரை இடித்தே வண்டியை வெளியேற்றினார்.

1903ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தோன்றியது. 1908ஆம் ஆண்டு வெளிவந்த ‘மாடல் டி’ மகிழுந்து எளியோர்க்கும் எட்டும் விலையில் விற்கப்பட்டது. 1913ஆம் ஆண்டு முதல், வண்டி நகர்ந்து செல்ல, தொழிலாளர் நின்ற இடத்திலேயே உறுப்புகளைப் பொருத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. 850 டாலராக இருந்த விலை 260 டாலர் வரை இறங்கியது. ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்பனையாயின. அவர் செய்தன யாவும் போற்றத்தக்கன அல்ல. யூத மக்களைப் பழிக்கும் கட்டுரைகளைத் தம் இதழில் பல ஆண்டுகள் வெளியிட்டார் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி பிரேக்கிற்கு வருவோம். ‘மாடல் டி’யின் பொறி 20 குதிரைத்திறன் உடையது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ‘மாடல் ஏ’ 40 குதிரைத்திறனும், 1932ஆம் ஆண்டில் வந்த எட்டு உருளைப் பொறி 65 குதிரைத்திறனும் கொண்டிருந்தன. வேகம் வளர்ந்தது, ஆனால் வண்டியை நிறுத்தும் முறை கம்பியிலேயே நின்றது. ‘மாடல் ஏ’யின் ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் டிரம் எனப்படும் வட்ட உலோகக் கூடு உண்டு. மிதியை அழுத்தினால் கம்பிகள் இழுக்கப்பட்டு, கூட்டினுள் இருக்கும் பிரேக் கட்டைகள் விரிந்து அதன் உட்சுவரில் உராயும். நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் கம்பிகள் ஒரே அளவாக முறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒன்று இறுகி மற்றொன்று தளர்ந்தால், மிதித்தவுடன் வண்டி ஒருபுறமாகச் சாயும். மழைச் சாலையில் இதன் விளைவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மாற்று முன்னரே பிறந்திருந்தது. அடைத்த கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியை நீங்கள் அறிவியல் வகுப்பில் படிப்பீர்கள். இவ்விதியின்படி மால்கம் லாக்ஹீட் என்பவர் திரவ பிரேக்கை வகுத்து, 1917ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1924ஆம் ஆண்டின் கிரைஸ்லர் மகிழுந்து நான்கு சக்கரங்களிலும் அதனைக் கொண்டிருந்தது. 1936ஆம் ஆண்டில் ஃபோர்டின் பெரும் போட்டியாளரான செவர்லேயும் அதற்கு மாறியது.

ஃபோர்டோ அசையவில்லை. ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டால் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பிடியிழக்கும் அல்லவா? எஃகு கசியாது என்பது அவர் எண்ணம். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று; பிற்காலத்தில் திரவத்தை இரு தனிக் குழாய்த் தொகுதிகளில் செலுத்தத் தொடங்கியது அதனால்தான். ஆயினும் தளர்ந்த கம்பியால் நாள்தோறும் நேர்ந்த இடரை அவர் போதிய அளவு எண்ணவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே மகன் எட்சல், 1919 முதல் நிறுவனத்தின் தலைவர். அவர் திரவ பிரேக்கையே விரும்பினார். பதவி மகனிடம் இருந்தது. முடிவு தந்தையிடம் இருந்தது. எனவே பல ஆண்டுகள் மகனின் விருப்பம் நிறைவேறவில்லை. 1939ஆம் ஆண்டு மகிழுந்துகளில்தான் தந்தை இணங்கினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. நான்கே ஆண்டுகளில், 1943ஆம் ஆண்டு மே மாதம், எட்சல் தம் நாற்பத்தொன்பதாம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். தந்தை 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இரவு உயிர்நீத்தார். அன்று வெள்ளத்தால் மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால், அம்மாளிகையில் விளக்கும் மெழுகுவர்த்தியுமே எரிந்தன.

அவருடைய பழைய மகிழுந்துகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்போர் பலர் கம்பிகளைக் கழற்றிவிட்டுத் திரவ பிரேக்கைப் பொருத்துகின்றனர். இதில் வியப்பு யாதெனில், 1939 முதல் 1948 வரை ஃபோர்டு நிறுவனமே செய்த பிரேக் உறுப்புகள் சிறு மாற்றங்களுடன் ‘மாடல் ஏ’யின் அச்சுகளில் பொருந்துகின்றன. மிதியின் அருகே மாஸ்டர் சிலிண்டரை அமைத்து, அங்கிருந்து சக்கரங்களுக்கு எஃகுக் குழாய்களையும், சக்கரம் அசையும் இடங்களில் ரப்பர்க் குழாய்களையும் இணைப்பர். பின்னர் ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து, திரவத்தோடு கலந்த காற்றை வெளியேற்றுவார். திரவம் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கிவிடும். குழாயில் காற்றுக் குமிழி தங்கினால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகுமேயன்றி வண்டி நிற்காது.

வேறு சிலர் பழமை கெடலாகாது என்று கம்பிகளை அவ்வாறே விட்டுவைக்கின்றனர். அவ்வப்போது வண்டியின் அடியில் படுத்து நான்கு கம்பிகளையும் அளந்து முறுக்குகின்றனர். சாலையில் முன்செல்லும் வண்டிக்கு நெடுந்தொலைவு விட்டே செலுத்துகின்றனர்.