உத்தியோகம் துறந்த நாவலர் பெருமான்

நல்லூர் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி ஆண்மகவாக 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆந் திகதி அவதரித்தவர் ஆறுமுகம். பின்னாளில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் எனச் சைவத் தமிழ் உலகம் கைகூப்பித் தொழுத பெருமகன் இவரே. நாவலர் பெருமானின் நூல்களையும் பிரசங்கங்களையும் பற்றி எல்லோரும் பேசுகின்றோம். ஆனால் இருபத்தைந்தாவது வயதிலே அவர் கைவிட்ட உத்தியோகத்தைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. அந்த ஒரு முடிவு இல்லையேல் பின்னால் வந்தவை எவையும் வந்திரா.

ஆறுமுகத்துக்கு ஒன்பது வயது நடக்கும்போது தந்தையார் காலமானார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகம் ஒன்று குறையிலே நின்றது. எஞ்சிய பகுதியை அந்தச் சிறு பிள்ளையே பாடி முடித்தது என்பது நல்லூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பிள்ளையின் கல்வி தடைப்படாதபடி தமையன்மார் பார்த்துக்கொண்டார்கள். இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் இலக்கண இலக்கியங்களை அவர் ஐயந்திரிபறக் கற்றார். ஆங்கிலம் கற்க வேண்டுமென்று யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் சேர்க்கப்பட்டார். இன்று யாழ். மத்திய கல்லூரியாக விளங்குவது அந்தப் பாடசாலையே.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி என்பது கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் வாசற்கதவு. அரைகுறையாக ஆங்கிலம் படித்தவனுக்கும் எழுதுவினைஞர் உத்தியோகம் கிடைத்தது. நன்றாகப் படித்தவனுக்கு அதனினும் மேலானவை காத்திருந்தன. ஆறுமுகம் மாணவனாக இருந்த அதே பாடசாலையிலே, 1841ஆம் ஆண்டளவில், இருபது வயதும் நிரம்பாத நிலையில் ஆசிரியரானார். கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார். பாடசாலைத் தலைவராக இருந்த பேர்சிவல் பாதிரியார் அவரைத் தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் வைத்துக்கொண்டார்.

பேர்சிவல் பாதிரியாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சமயத்தால் மாறுபட்டவரேனும் அவர் தமிழை நேசித்தவர், ஆளின் தரமறிந்தவர். திருநீறு தரித்து, சைவ ஆசாரத்தில் ஓர் அணுவும் வழுவாது நின்ற அந்த இளைஞரை அவர் அந்த நிலையிலேயே ஏற்றுக்கொண்டார். பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் பெரும்பணியை இருவருஞ் சேர்ந்தே செய்தனர். மொழிபெயர்ப்பின் திறம் பற்றிச் சென்னையிலே கேள்வி எழுந்தபோது பாதிரியார் ஆறுமுகத்தையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்தார். மகாவித்துவான் மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பே சிறந்தது என மெச்சினார். இத்தகைய ஒருவரை எந்த மேலதிகாரிதான் விட்டுவிட மனங்கொள்வார்?

ஆனால் ஆறுமுகனாரின் மனம் வேறு திசையிலே போய்க்கொண்டிருந்தது. பைபிளை வரிவரியாகப் படித்தவர் அவர். மிஷன் பாடசாலைகள் பிள்ளைகளுக்குப் படிப்போடு சமயத்தையும் எவ்வாறு ஒழுங்காகப் புகட்டுகின்றன என்பதை உள்ளேயிருந்து கண்டவர். சைவப் பிள்ளைகளுக்கோ தம் சமயத்தைச் சொல்லித்தரப் பாடசாலையுமில்லை, அச்சிட்ட பாடப்புத்தகமுமில்லை. பகலில் மிஷன் பாடசாலையில் கற்பித்துவிட்டு, காலையிலும் இரவிலும் சில மாணாக்கருக்குத் தம் இல்லத்திலே இலவசமாகத் தமிழும் சைவமும் சொல்லிக்கொடுத்தார். 1847ஆம் ஆண்டு மார்கழி மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் நடந்தது. பகலெல்லாம் மிஷனில் வேதனம் பெற்றுக்கொண்டு வெள்ளி இரவில் சைவப் பிரசங்கமோ எனச் சிலர் முணுமுணுக்கவும் இடமிருந்தது. இரண்டு தோணியில் கால் வைத்து நெடுந்தூரம் போக இயலாதென்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் வேறில்லை.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. அதே ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஆறுமுகனார் மிஷன் உத்தியோகத்தைத் துறந்தார். பேர்சிவல் பாதிரியார் போகவேண்டாமெனத் தடுத்ததையும், கூடிய வேதனம் தருவதாகச் சொல்லியும் அவர் இணங்காததையும் நாவலர் சரித்திரம் எழுதியோர் குறிப்பிடுவர். ஒரு பக்கத்தில் மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம், பெருமதிப்பு, இன்னும் உயரும் வாய்ப்பு. மறுபக்கத்தில் அப்போதுதான் திறந்த, பிள்ளைகளிடம் பணம் வாங்காத ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வயதிலிருந்து தம்மை வளர்த்து ஆளாக்கிய ஆசானைப் பிரிவதென்பதும் இலேசான காரியமன்று.

உத்தியோகம் போனதோடு இன்னொன்றும் போயிற்று. யாழ்ப்பாணத்திலே உத்தியோக மாப்பிள்ளைக்கு என்ன மதிப்பு என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீடு, வயல், தோட்டம், நகை என்று சீதனத்தோடு பெண் கொடுக்கக் காத்திருப்பார்கள். அன்றும் அப்படியே. கல்வியோ நல்லொழுக்கமோ இல்லாதவருக்கும் அவையெல்லாம் கிடைத்த நாட்டிலே, தாம் இல்வாழ்க்கையிற் புகாமல் நின்றதையும், தம்மோடு ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் பெற்று வாழக் கண்டும் தாம் அதை நாடாமல் விட்டதையும், பிற்காலத்தில் அவரே ஒரு விக்கியாபனத்தில் எடுத்துக்காட்டினார். சைவமும் அதற்குத் துணையான கல்வியும் அழிவதைக் கண்ட கவலையே காரணமென்றார். இதைப் பெருமைக்காகச் சொன்னாரென்று கொள்ளலாகாது. கைம்மாறு கருதாமல் உழைக்கும் ஒருவன் பொருளுதவி கேட்கும்போது, அது தன் வயிற்றுக்கல்ல என்று ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டியிருந்தது.

மனைவி மக்களென்று ஒரு குடும்பம் அவருக்கு அமையவில்லை. ஆனால் பிறந்த குடும்பம் அவரை விட்டுப் போகவுமில்லை. தமக்கையார் மகன் பொன்னம்பலபிள்ளை அவரிடமே கற்று வித்துவசிரோமணி எனப் பெயர் பெற்றார். தமையனார் மகன் கைலாசபிள்ளை பிற்காலத்தில் அவருடைய சரித்திரத்தை எழுதி வைத்தார். நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை போன்ற மாணாக்கர் பெற்ற பிள்ளைகளிலும் மேலாக அவரைத் தாங்கினர்.

1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சதாசிவப்பிள்ளையுடன் அவர் தமிழகம் சென்றார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து ஆதீனத்தார் அளித்ததே நாவலர் என்னும் பட்டம். கொண்டுவந்த யந்திரத்தை வைத்து வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடம், சைவ வினாவிடை, பெரியபுராண வசனம் என நூல்கள் வரிசையாக வெளிவந்தன. 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. இவற்றை அன்பர்கள் அறிவர்.

அறியாதது பணக்கஷ்டம். மிஷன் பாடசாலைகளுக்கு அரசாங்க உதவிப்பணம் கிடைத்துக்கொண்டிருக்க, வண்ணார்பண்ணைப் பாடசாலை பல்லாண்டுகள் அதில்லாமலே நடந்தது. வீடுகள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைக்கச் சொல்லி, அந்தப் பிடியரிசியைச் சேர்த்துப் பாடசாலையை நடத்தினார்கள். கூடிய வேதனத்தை வேண்டாமென்றவர் பிடியரிசிக்காகக் கை நீட்டினார். 1872ஆம் ஆண்டு சைவச் சூழலில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு வித்தியாசாலையையும் தொடக்கினார். தாம் மிஷனிலே பெற்ற ஆங்கிலக் கல்வியை நம் பிள்ளைகள் திருநீற்றோடு இருந்து பெற வேண்டுமென்பது அவரது நெடுநாள் ஆசை. பணம் போதாமையால் சில ஆண்டுகளிலே அது மூடப்பட்டது. அவருடைய வாழ்நாளில் அந்த ஆசை நிறைவேறவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை எழுந்தது அவருக்குப் பின்னரே.

உத்தியோகம் பார்ப்பது பிழையென்று நாவலர் பெருமான் எவருக்கும் சொன்னதாகக் கொள்ளவும் வேண்டாம். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை தமிழகத்திலே உயர்ந்த பதவிகளை வகித்துக்கொண்டே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். அவர் 1868ஆம் ஆண்டு வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை நாவலரே பரிசோதித்துக் கொடுத்தார். இருவர் வழியும் வேறு, பணி ஒன்று.

1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நாவலர் ஊரவரிடம் பொருள் சேர்த்துக் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவருக்கு வார்த்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது, உடலும் தளரத் தொடங்கியிருந்தது. 1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்திலே, தம் முதற் பிரசங்கம் நிகழ்ந்த அதே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே இறுதிப் பிரசங்கத்தைச் செய்தார். அவ்வாண்டு மார்கழி 5ஆந் திகதி, தமிழ் முறைப்படி கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே, சிவபதமடைந்தார். அவருக்குப் பின் பாடசாலைகளையும் யந்திரசாலையையும் பொறுப்பேற்றவர், முப்பதாண்டுகளுக்கு முன் அச்சியந்திரம் வாங்க அவரோடு கப்பலேறிய சதாசிவப்பிள்ளை.