ஆலன் டூரிங்: ஒளித்துவைத்த வியப்புகள்

மாரண்டஹள்ளியிற் பிறந்த நாம், நம் மாவட்டத்து மொரப்பூர் வழியே போத்தனூர்க்குச் செல்லும் பழைய இருப்புப்பாதையை நினைக்குந்தோறும் ஒரு பேரறிஞரை நினைக்கின்றோம். அப்பாதையை அமைத்த சென்னை இரயில்வேயிற் பிற்காலத்தே தலைமைப் பொறியாளராய் விளங்கியவர் எட்வர்டு ஸ்டோனி. அவர் புதல்வி எதெல் சாரா 1881இல் போத்தனூரிற் பிறந்தார். அவ்வம்மையார்க்கும், சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஜூலியஸ் டூரிங்கிற்கும் இளைய மகனாய், 1912 ஜூன் 23இல் இலண்டன் மாநகரில் தோன்றியவரே ஆலன் டூரிங்.

பெற்றோர் இந்தியாவில் இருந்தமையால் இளமையிற் பிறர் இல்லத்தே வளர்ந்தார். கட்டளை வகுக்கக்கூடிய எக்கணக்கையும் இயற்றவல்ல பொதுப்பொறி ஒன்றனை 1936இல் மனத்தாற் கண்டு எழுதினார். இன்றைய கணிப்பொறிக்கு அதுவே வித்து. இரண்டாம் உலகப்போரிற் பிளெட்ச்லி என்னுமிடத்தே இருந்து, ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்கப் பெருந்துணை புரிந்தார். அக்காலத்தே, பகைவர் நாட்டினுட் புகுவரென அஞ்சி, வெள்ளிக் கட்டிகளைப் புதைத்து, இடத்தை மறைகுறியால் எழுதிவைத்தார். பின்னர்த் தேடியும், தாம் புதைத்ததைத் தாமே கண்டிலர்!

1951இல் மாஞ்செஸ்டர்ப் பல்கலைக்கழகக் கணிப்பொறிக்கு அவர் கைந்நூல் வரைந்தார். அப்பொறியில், பணி முடிந்தமை முதலியன அறிவிக்க ஓர் ஒலிக்கருவி இருந்தது. அதனாற் சுரங்களை எழுப்பும் வகையையும் அந்நூல் கூறிற்று. கிறிஸ்டோபர் ஸ்டிரேச்சி என்னும் பள்ளியாசிரியர் அதனைக் கற்று, நீண்டதொரு நிரல் எழுதி வந்து, ஓரிரவு பொறியோடு போராடினார். நிரல் முடியுங்கால், எவரும் எதிர்பாராவண்ணம் பொறி ஆங்கில நாட்டுப்பண்ணை முழங்கிற்று. டூரிங் வெகுளவில்லை; மெச்சினார்.

காண்பார் மகிழ நிரலுள் ஒன்றை ஒளித்துவைக்கும் வழக்கம் பின்னர்ப் பரவிற்று. ஆக்கியோன் பெயரை வெளியிடாத அட்டாரி நிறுவனத்தின் அட்வென்ச்சர் என்னும் விளையாட்டில், வாரன் ராபினெட் தம் பெயரை ஒரு மறைவறையிற் பொதிந்தார். அவ்விளையாட்டு 1980இல் வெளிவந்தது. ஈஸ்டர் நாளிற் சிறுவர் தேடியெடுக்கும் முட்டையின் பெயரே அத்தகைய புதையலுக்கு வழங்கலாயிற்று.

டூரிங்கின் வாழ்விலோ மறைவு விளையாட்டன்று. அவர்தம் போர்த்தொண்டை அரசு 1970கள் வரை மறைத்தது. ஆணொருவரை நேசித்தமை அந்நாளைச் சட்டத்திற் குற்றமாதலின், 1952இல் தண்டனை பெற்று, உடலை மாற்றும் மருந்தேற்றலுக்கு உட்பட்டார். 1954 ஜூன் 7இல், 41 வயதில், சயனைடு நஞ்சால் உயிர்நீத்தார். அரச மன்னிப்பு 2013இல்தான் வந்தது. தன் நாட்டுப்பண்ணைப் பொறி பாடக் கேட்டு மகிழ்ந்தவரை, அந்நாடு மகிழ்ந்து வாழ விடவில்லை.

நண்பர்காள்! பிறர் மகிழ ஒன்றை ஒளித்துவைத்தல் இனிது. அஞ்சி ஒளிந்து வாழுமாறு ஒருவரை ஆக்குதல் கொடிது. இவ்விரண்டனையும் டூரிங்கின் வரலாற்றால் நாம் அறிகின்றோம்.