ஒளியைக் காத்திருந்தவர்

சென்ற மார்கழியில் நாம் செந்துறையினின்று அரியலூர் கடந்து கரைவெட்டி ஏரிக்குச் சென்று, வானிற் பறந்த வரித்தலை வாத்துக்களைப் படம் பிடித்தோம். வந்தவை யாவும் கரிக்கோடுகளே. அன்று நம் நினைவுக்கு வந்தவர் மா. கிருஷ்ணன் அவர்கள்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார், 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். 1925இல், பட்டப் படிப்பிலே தமிழ் கட்டாயப் பாடமாதல் வேண்டுமென்று பல்கலைக்கழகப் பேரவையில் வாதாடிய அன்றே, அம்மன்றத்திலேயே அப்பெரியார் உயிர் நீத்தார். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட நம்மனோர் இதனை எங்ஙனம் மறத்தல் கூடும்? மகனுக்கு அப்போது வயது 13.

கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் தாவர நூலும், பின்னர்ச் சட்டமும் கற்றார். 1942 முதல் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் வேறு பல பதவிகளிலும் இருந்தார். 1949இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னை மீண்டார். குடும்பஸ்தராயிருந்தும் மாதச் சம்பளத்தை நாடாது, எழுத்தையும் காமிராவையுமே நம்பி வாழத் துணிந்தார். நமக்கு அத்துணிவு வருமா என்பது ஐயமே. 1950 முதல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் அவர் எழுதிவந்த இயற்கைக் கட்டுரைகள் அவர் வாழ்நாளின் இறுதி வரை நின்றில.

அவர் காமிரா விசித்திரமானது. உடல் ஓரிடத்தது, லென்ஸ் வேறிடத்தது, எஞ்சியவை கைவேலை. கறுப்பு வெள்ளையே அவருக்கு உகந்தது. பறக்கும் பறவையைப் படமாக்குவதில் இடர் யாதெனின், வானம் பேரொளியுடையது. இறகின் அடிப்புறமோ நிழலுடையது. வானுக்கு அளந்து ஒளிவிட்டால் பறவை கரியாகும். பறவைக்கு அளந்தால் வானம் வெளுக்கும். காலை வெயில் சாய்ந்து விழும்போது இறகின் அடியிலும் ஒளி புகும். இருட்டறையில் படத்தைப் பெரிதாக்குங்கால், பறவை விழும் இடத்தைக் கையால் சில விநாடி மறைத்து அதனைச் சற்றே வெளிறச் செய்யலாம். வானுக்குக் கூடுதல் ஒளி கொடுத்து அதனை இருளச் செய்யலாம். இன்று கணினி செய்வதும் இதுவே. ஆயினும் பிலிமிற் பதியாத இறகை எவ்விருட்டறையும் தாராது. ஆதலின் காத்திருத்தலே முதல் வித்தை. காட்டில் விலங்கையும் பறவையையும் கலைக்காமல் நெடுநேரம் காத்திருந்தவர் கிருஷ்ணன்.

1996 பெப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

தை மாதத்தில் நாம் மீண்டும் கரைவெட்டி சென்றோம். விடியலில், சூரியன் நம் முதுகிற்குப் பின் இருக்குமாறு நின்றோம். ஒரே ஒரு படத்தில் அவ்வாத்தின் தலைக்கோடுகள் இரண்டும் தெரிகின்றன.