களிமண்ணைக் கற்ற மேதை கார்ல் டெர்சாகி

விருத்தாசலத்துக்காரர்களாகிய நமக்குக் களிமண் புதிதன்று. பீங்கான் பொம்மைகளாலும் கோப்பைகளாலும் நம் ஊர் பெயர் பெற்றது அந்த மண்ணால்தான். ஆனால் களிமண் நிலத்தில் வீடு கட்டியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கோடையில் சுவர் வெடிக்கும். ஐப்பசி மழையில் வெடிப்பு சுருங்கும். குயவர் கைக்கு அடங்கும் மண், கொத்தனார் போடும் கடைக்காலுக்கு அடங்க மறுப்பது ஏன்? இத்தகைய கேள்விகளுக்கே தம் வாழ்நாளை அளித்த மேதை ஒருவரின் வரலாற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கார்ல் டெர்சாகி 1883ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிராக் நகரில் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கிராட்ஸ் நகரில் அவர் பயின்றது இயந்திரப் பொறியியல். ஆயினும் மனம் நிலவியலையே நாடியது. கட்டடங்கள் ஏன் புதைகின்றன, அணைகள் ஏன் உடைகின்றன என்ற விதியைத் தேடி 1912இல் அமெரிக்கா சென்றார். அணை கட்டும் இடங்களையெல்லாம் சுற்றிக் குறிப்புகளைக் குவித்தார். விதி மட்டும் கிட்டவில்லை, ஏமாற்றத்துடன் திரும்பினார்.

அவருக்கு வழி திறந்தது இஸ்தான்புல் நகரில். 1916இல் அங்கே ஆசிரியரானார். போர் முடிந்ததும் அந்த வேலை போயிற்று. பிறகு ராபர்ட் கல்லூரியில் பணியாற்றியபடி, கிடைத்த பொருள்களைக் கொண்டு தாமே கருவிகள் செய்து, களிமண்ணை அழுத்தி அழுத்திச் சோதித்தார்.

அவர் கண்ட உண்மை எளியது. நீர் நிறைந்த களிமண்மேல் பாரம் ஏற்றினால், முதலில் அதைத் தாங்குவது மண்ணன்று. துகள்களுக்கு இடையே உள்ள நீர். நுண்ணிய இடுக்குகள் வழியே அந்நீர் மெல்ல மெல்லக் கசிய, பாரம் துகள்கள்மேல் இறங்குகிறது, நிலம் அமிழ்கிறது. துணியில் கட்டிய தயிர்மேல் கல்லை வைத்தால் நீர் வடிவது போலத்தான். ஆனால் இது முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். இன்று உறுதியாகத் தோன்றும் கட்டடம் நாளை சாய்வதன் மர்மம் இதுவே! 1923இல் இதற்குக் கணக்கு வகுத்தார். 1925இல் வெளிவந்த அவரது நூலோடு மண் இயக்கவியல் என்னும் புதிய துறை பிறந்தது.

இந்த அறிவு பெரிய அணைகளுக்கு மட்டுமா? இன்று பழைய கப்பல் கண்டெய்னர்களை அலுவலகமாகவும் கிடங்காகவும் வைக்கிறார்கள். இருபது அடிப் பெட்டி வெறுமையாகவே 2 டன்னுக்கு மேல் எடை. சமதரையில் வைத்தால் பாரம் முழுவதும் நான்கு மூலைகளில் இறங்கும். ஒரு மூலை அமிழ்ந்தால் சட்டம் முறுகும், கதவு மூடாது. ஆகவே புல்வேரோடு கூடிய மேல்மண்ணை நீக்கி, கிராவலை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, நனைத்து இடித்து, மேலே ஜல்லி போடவேண்டும். மூலைகளின் கீழ் அகன்ற கான்கிரீட் பலகைகளை அமைத்து மட்டம் பார்க்கவேண்டும். களிமண்ணில் பள்ளம் தோண்டி ஜல்லி நிரப்புவது மட்டும் போதாது. மழை நீர் வெளியேற வழியின்றிப் பள்ளம் தொட்டியாகிவிடும். மேடாக்கி, சுற்றிலும் வடிகால் வெட்டவேண்டும். டெர்சாகி கண்டெய்னருக்குத் தளம் போட்டவர் அல்லர். ஆனால் களிமண்ணை ஆள்வது நீரே என்ற அவர் பாடம் அந்த வடிகாலில் இருக்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் வியன்னாவிலும் கற்பித்த அவர், 1936இல் இத்துறையின் முதல் உலக மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938இல் மீண்டும் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் பணியாற்றினார். ஏட்டுக் கணக்கோடு நில்லாமல், கட்டும்போதும் நிலத்தைக் கவனித்துத் திட்டத்தைத் திருத்தவேண்டும் என வற்புறுத்தினார். 1963 அக்டோபர் 25இல் மறைந்தார். கனடாவில் அவர் பணியாற்றிய அணையொன்று 1965இல் அவர் பெயர் பெற்றது.

மாணவ நண்பர்களே! நாடெங்கும் தேடியும் கிடைக்காத விடை, ஒரு கல்லூரியில், கைப்பிடிக் களிமண்ணில் அவருக்குக் கிடைத்தது. அந்தக் களிமண் நம் காலடியிலும் இருக்கிறது. குனிந்து பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும்.